ஒட்டுமரத்தின் ஊர்

நான் டோக்கியோ போய் இறங்கிய அன்று ஒரு பூகூட இல்லை. 2024 மார்ச் 24. வழக்கமாக அந்த நகரத்தில் செர்ரி பூக்கத் தொடங்கும் தேதி அதுதான் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். உவேனோ பூங்காவின் நடுப்பாதையில் இரண்டு பக்கமும் ஈரத்தில் கறுத்த கிளைகள், அவற்றில் புடைத்த மொட்டுகள். பூப்பார்க்கும் கூட்டத்துக்காகக் கட்டியிருந்த விளக்குகள் வெறும் மரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தன. “சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லாதது அப்போதுதான் உறைத்தது.

அந்த மார்ச் குளிர் நீண்டுபோனதால் மொட்டு திறக்கவில்லை. இந்த மரத்தின் கணக்கு அப்படி. முந்தின கோடையிலேயே மொட்டு உருவாகிவிடும். பிறகு உறங்கும். அந்த உறக்கம் கலைய நல்ல குளிர் வேண்டும். கலைந்த பிறகு வளர வெப்பம் வேண்டும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால், 600 டிகிரியை எட்டும் சமயத்தில் டோக்கியோவில் பூ வரும் என்று அங்கே ஒரு கைக்கணக்கு உண்டு. 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14 அன்றே பூத்துவிட்டது. குளிர்காலமே குளிராமல் போனால் மொட்டு எப்படி விழிக்கும் என்ற கவலை எனக்கு அங்கேதான் பிடித்தது. இன்னும் விடவில்லை.

யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலைத் துறையின் அலுவலர் வந்து, அண்ணாந்து பார்த்து, விரிந்த பூக்களை எண்ணுவார். ஐந்தாறு இருந்தால் பூக்காலம் தொடங்கியதாக அறிவிப்பு. எண்பது சதவீதம் விரிந்தால் ‘மங்காய்’, அதாவது முழுப்பூப்பு. மழையும் காற்றும் ஓய்ந்த 29ஆம் தேதி பிற்பகலில் நானும் அங்கே நின்றேன். கேமராக்காரர்களுக்குப் பின்னால் கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், அலுவலகத்திலிருந்து எட்டிப்பார்க்க வந்தவர்கள். அவர் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பூத்ததற்காக ஒரு மரத்துக்குக் கைதட்டும் ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் தட்டினேன்.

ஆனால் நான் உண்மையில் பார்க்கப் போனது வேறோர் இடம். டோக்கியோவைச் சுற்றிவரும் யாமனோதே ரயில் பாதையில் முப்பது நிலையங்கள். அதில் கொமகோமே ஒன்று. அங்கே வண்டி கிளம்பும்போது ஒலிக்கும் மெட்டே செர்ரியைப் பற்றிய பழைய பாட்டுதான். நிலையத்தை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா. அந்தப் பகுதிக்கு முன்பு சொமேய் என்று பெயர். எடோ ஆட்சிக்காலத்தில் பிரபுக்களின் தோட்டங்களுக்குச் செடி கொடுத்த தோட்டக்காரர்களின் கிராமம். இன்று டோக்கியோவில் காணும் செர்ரிகளில் மிகப் பெரும்பாலானவை சொமேய் யொஷினோ என்ற ஒரே ரகம். அது இந்தத் தோட்டக்காரர்களின் கையிலிருந்துதான் ஊருலகத்துக்குப் போனது. முதலில், மலைச்செர்ரிக்குப் பேர்போன யொஷினோ மலையின் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். அந்த மலை மரம் வேறு, இது வேறு என்று தெரிந்து 1900இல் ஊர்ப்பெயரையும் சேர்த்தார்கள்.

இந்த மரம் எடோஹிகான் என்ற செர்ரிக்கும் ஓஷிமா செர்ரிக்கும் பிறந்த கலப்பு. தன் இனத்து மகரந்தத்தை அது ஏற்காது. ஆயிரம் சொமேய் யொஷினோ ஒன்றாக நின்றாலும் தங்களுக்குள் ஒரு விதை பிடிக்காது. வேறு செர்ரியோடு கூடிப் பிடித்தாலும், முளைப்பது அந்த மரமாக இருக்காது. ஆகவே நாம் பார்க்கிற ஒவ்வொரு சொமேய் யொஷினோவும் யாரோ ஒருவர் குச்சி வெட்டி, வேர்ச்செடியில் செருகி, இறுக்கிக் கட்டி வளர்த்தது. எல்லாம் ஒரே மரத்தின் உடம்பு. ஒரு தெரு முழுக்க ஒரே நாளில் பூத்து ஒரே வாரத்தில் உதிர்வது அதனால்தான்.

என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருந்தவர். “விதை போட்டா அது இஷ்டத்துக்கு வரும்மா. ஒட்டுக் கட்டினாத்தான் தாய் மாதிரியே வரும்” என்பார். சாயங்காலங்களில் அவர் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கொமகோமேயில் நின்றபோது, அந்த நகரத்தின் வசந்தம் முழுவதும் அப்படிக் கட்டியதுதானே என்று தோன்றி மனம் நிறைந்துபோனது.

செர்ரி என்றால் எல்லோரும் நிலையாமை பேசுகிறார்கள். பூவைப் பார்த்தால் அது சரி. மரத்தைப் பார்த்தால் எனக்கு வேறு தெரிந்தது. பெயர் தெரியாத கைகள் தலைமுறை தலைமுறையாக விடாமல் கட்டிக்கொண்டே வந்திராவிட்டால், உதிர்வதற்கு அங்கே ஒரு பூவும் இருக்காது.

பக்கத்திலேயே சொமேய் கல்லறைத் தோட்டம். கல்வரிசைகளுக்கு நடுவே பெரிய செர்ரிகள். கேமராவோடு வந்திருந்த ஒரு முதியவர், என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, கிழட்டு மரமொன்றின் அடித்தண்டைக் காட்டினார். பட்டையைக் கிழித்துக்கொண்டு இடுப்புயரத்தில் ஒரு கொத்து மொட்டு. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: ‘வயதான மரம் இப்படிச் செய்யும்.’ தலைகுனிந்து விடைபெற்றுப் போனார். அந்தப் பயணத்தில் நான் நடத்திய மிக நீண்ட உரையாடல் அதுவே.

ஏப்ரல் 1, திங்கட்கிழமை. ரயில்கள் முழுக்கப் புதுக் கறுப்பு உடுப்பில் இளைஞர்கள். அங்கே வேலைக்குச் சேரும் ஆண்டு அன்றுதான் பிறக்கிறது. மறுநாள் சுமிதா ஆற்றங்கரை. 1717 முதல் ச்சோமெய்ஜி கோயிலருகே சகுராமோச்சி விற்கிறார்கள்: பயற்று விழுது பூரணம் வைத்த மெல்லிய மாவுத்தோல், அதை மூடி உப்பிலிட்ட ஓஷிமா செர்ரி இலை. பச்சையில் அந்த இலைக்கு வாசனை கிடையாது. உப்பில் ஊறினால்தான் மணக்கும். தலைக்கு மேல் நிற்கும் மரத்தைப் பெற்றவர்களில் ஒருவரின் இலை அது. இதே ஆற்றின் கரையில், 1945 மார்ச் 9-10 இரவின் குண்டுவீச்சில் எரிந்து இறந்தவர்களைத் தற்காலிகமாகப் புதைத்திருந்தார்கள். ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சற்றுத் தள்ளி நீலப் பாய் விரித்துப் பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த இனிப்பைச் சாப்பிடச் சற்று நேரமானது.

ஏப்ரல் 4 அன்று முழுப்பூப்பு. எனக்கு மறுநாள் விமானம். நகரமே சிதோரிகாஃபுச்சி அகழிக்கும் மெகுரோ ஆற்றுக்கும் போயிருக்கும். நான் மறுபடி சொமேய்க்குப் போனேன். தண்டிலிருந்த கொத்து விரிந்திருந்தது, ஐந்து பூ. அதற்கடுத்த மரத்தில் தாழ்ந்த கிளையொன்றுக்கு ஒரு தொழிலாளி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிளைக்கும் கம்புக்கும் நடுவே பட்டை நோகாமல் இருக்கத் துணிச்சுருள் வைத்து, கறுப்பு நார்க்கயிற்றைச் சுற்றினார். ஒரு சுற்று, ஒரு இழுப்பு. மறுபடி ஒரு சுற்று. தோளில் விழுந்த இதழ்களை அவர் தட்டிவிடவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, உள்ளங்கையால் கிளையை லேசாக மேலே தூக்கிப் பார்த்தார். அப்பாவும் கட்டி முடித்ததும் அப்படித்தான் ஒருமுறை தொட்டுப்பார்ப்பார்.