வெல்லத் தண்ணியும் நாலு கிராம் விருந்தாளியும்

உங்க வீட்டுல காக்காவுக்குச் சோறு வைக்கிற பாட்டி இருக்காங்களா? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

அரிசோனாவில் எம்.எஸ். படிச்சப்போ, டிசம்பர் லீவுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தோம். கிச்சன், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஆம்னி பஸ்ஸுக்குள்ள ஒரு ஒண்டுக்குடித்தனம்னு வெச்சுக்கங்களேன்! டூசான் பக்கத்தில், இந்த வண்டிகளை நிறுத்துறதுக்குன்னே இருக்கிற ஒரு பார்க்கில் நாலு நாள் டேரா.

பக்கத்து வண்டியில் ஒரு அமெரிக்கப் பாட்டி. வடக்கே பனி கொட்டினா தெற்கே கிளம்பி வந்துடுற இவங்களை அங்கே 'ஸ்னோபேர்ட்ஸ்'னுதான் சொல்றாங்க. அவங்க ஜன்னலில் தொங்கும் சர்க்கரைத் தண்ணிக் குப்பியைத் தேடி ஒரு ஹம்மிங்பேர்ட் வரும். எடை சுமார் 4 கிராம். ரிவர்ஸிலும் பறக்கும்! நம்ம தேன்சிட்டு ஜாடை இருக்கும், ஆனா சொந்தம் கிடையாது. இது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழுற பறவை.

நமக்கு ஆசை விடுமா? நானும் ஒரு குப்பி வாங்கினேன். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதலாச்சேன்னு, அம்மா கொடுத்தனுப்பிய வெல்லத்தைக் கரைச்சு ஊத்தினேன். பாட்டி பதறி ஓடி வந்தாங்க. வெல்லத்திலிருக்கும் இரும்புச்சத்து அந்தக் குட்டி உடம்புக்கு ஆகாதாம். தேனும் கூடாது, பூஞ்சை பிடிக்கும். சிவப்பு கலரும் வேண்டாம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. அவ்வளவுதான் ரெசிபி!

மறுநாளே விருந்தாளி ஆஜர். மூணாம் நாள் நான் காபி போடுறதுக்கு முன்னாடியே வந்து நின்னுச்சு. நாளைக்குக் கிளம்பணுமேன்னு மனசு கேக்கலை. "குப்பி நிறைய ஊத்தி மரத்திலேயே விட்டுட்டுப் போயிடலாம்டா"ன்னேன்.

"யார் கழுவுவாங்க?"ன்னு கேட்டாங்க பாட்டி. அவங்களும் மறுநாள் வேற ஊருக்குக் கிளம்புறாங்க. சில நாளில் தண்ணி கெட்டுடும், அதைக் குடிச்சா நோய். 2021-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சால்மொனெல்லா கிருமியால் சின்னப் பறவைகள் செத்து விழுந்தப்போ, தீனிக் கூடுகளைக் கழட்டி வைங்கன்னு அதிகாரிகளே கேட்டுக்கிட்டாங்களாம். "அது பூவையும் பூச்சியையும் நம்பி வாழுற பறவை. நீ இல்லாட்டி பட்டினி கிடக்காது"ன்னு சிரிச்சாங்க.

ராத்திரி கும்பகோணத்துக்கு போன் போட்டு எங்க பாட்டிகிட்ட புலம்பினேன். "காக்காவுக்குச் சோறு வைக்கிற கல்லைக் கழுவாம என்னிக்காவது வெச்சிருக்கேனாடா? வைக்கிறது பெரிசில்லை, மறுநாளும் அங்க இருக்கணும்"னாங்க. கொஞ்சம் நிறுத்தி, "அது சரி, நீ எப்போ வர்றே?"

பதில் சொல்ல முடியலை. ரெண்டு வருஷமா ஊர்ப்பக்கமே போகலை நான்.

விடியற்காலையில் குப்பியைக் கழட்டிக் கழுவினேன். விருந்தாளி வந்து, குப்பி தொங்கின இடத்தில் ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்னுட்டு, பறந்து போயிடுச்சு. சத்தியமா கண் கலங்கிடுச்சு.

அடுத்த ஸ்டாப் கிராண்ட் கேன்யன். அங்கே குப்பியை வெளியிலேயே எடுக்கலை. தேசியப் பூங்காக்களில் காட்டுயிருக்குத் தீனி போடுறது சட்டப்படி குற்றம்.

ஹாஸ்டல் ஜன்னலில் பறவைக்குத் தண்ணி வைக்கிறீங்களா? சபாஷ்! தினமும் கிண்ணத்தைக் கழுவுங்க. லீவுக்குக் கிளம்பினா யார்கிட்டயாவது ஒப்படைச்சிடுங்க, இல்லைன்னா எடுத்து வெச்சிடுங்க.

அப்புறம்... அந்தக் கோடை லீவுக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன். காக்காவுக்குச் சோறு வைக்கிற கல்லை ஒரு மாசம் நான்தான் கழுவினேன்!