1151 ஊசிகளும் ஒரு பாமினிக் கதையும்

கண்டியில் பழைய கணினி உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றின் கண்ணாடி மேசை மீது அந்தப் புரொசஸர் கிடந்தது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய சதுரம். ‘கோர் ஐ3-8100’ என்று அதன் உலோக முதுகில் பொறித்திருந்தது. “அங்கிள், உங்கட மெஷினில் இருப்பதும் 1151 சொக்கட்தான், இதுவும் 1151தான். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்” என்றான் கடைத் தம்பி. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் 18,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். செய்தியொன்றை இரண்டு இடத்திலாவது உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று இளையவர்களுக்கு ஆண்டுக்கணக்காக உபதேசித்தவன் செய்த காரியம் இது.

எனக்கு ஏன் அந்த அவசரம் என்பதைச் சொல்ல வேண்டும். 2016இல் வாங்கிய என் மேசைக் கணினி விண்டோஸ் 10இல் இயங்கி வந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், இன்டெல் புரொசஸர்களில் ஒருசில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படும் என்பது நிபந்தனை. என்னிடம் இருந்ததோ ஆறாம் தலைமுறை பென்ரியம் ஜி4400. புதுக் கணினி வாங்கலாமா என்று விலை கேட்டுப் பார்த்தேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது யாவரும் அறிந்ததே. பின்னர் ஓரளவு இறங்கியதாயினும் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. இறக்குமதிப் பொருள்களின் விலையும் அப்படியே. ஆகவே, எட்டாம் தலைமுறைப் புரொசஸர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்ற யோசனை தேனாக இனித்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். அளவு சரியாக இருந்தது. ஓரத்துக் காடிகளும் பொருந்தின. கொளுவியும் மூடியது. ஆளியை அழுத்தினேன். மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன்; கம்பிகளை மாற்றிப் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் அனுப்ப வேண்டிய கட்டுரையைப் பேனாவால் தாளில் எழுதத் தொடங்கினேன்.

மறுநாள் மாலை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மருமகன் வந்தான். பெட்டியை எட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “மாமா, துளை ஒன்றுதான், பாஷை வேறு” என்றான்.

அவன் சொன்னதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்டெல்லின் ஆறாம் தலைமுறை 2015இல் வந்தது. ஏழாம் தலைமுறையின் மேசைக் கணினிப் புரொசஸர்கள் 2017 ஜனவரியில் வந்தன. இரண்டும் 1151 ஊசிகள் கொண்ட சொக்கட்டில் அமர்பவை. 100, 200 என்ற வரிசைச் சிப்செட்டுகளோடு இயங்குபவை. என் தாய்ப்பலகையின் எச்110 சிப்செட் அந்த 100 வரிசையைச் சேர்ந்தது. அதே 2017 ஒக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோது இன்டெல் சொக்கட்டின் உருவத்தை மாற்றவில்லை. ஆனால் ஊசிகளின் பணிப்பங்கீட்டை மாற்றியது. முன்னர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஊசிகள் சிலவற்றை மின்சாரம் வழங்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கென 300 வரிசைச் சிப்செட் வேண்டும் என்றும் விதித்தது. எண்ணிக்கை அதே 1151, தோற்றம் அதே, உடன்பாடு மட்டும் வேறு. பயோஸைத் திருத்தி இந்தத் தடையைத் தாண்டிய ஆர்வலர்களும் உண்டு. அது என் போன்றவர்கள் பின்பற்றத்தக்க வழியன்று.

இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை படித்தவன். தொண்ணூறுகளில் நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதினோம். திரையிலும் அச்சிலும் அழகான தமிழ்தான். ஆனால் கணினியின் உள்ளே கிடந்தவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், ஒரு முழுத் தலையங்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யுனிகோட் பரவலான பிறகு பழைய கட்டுரைகளை மாற்றுவதற்கு எத்தனை இரவுகள் செலவாயின! பார்வைக்கு ஒன்றாக இருப்பவை அடியில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை எழுத்தில் கற்றவன், சிலிக்கனில் மறந்துவிட்டேன்.

பழைய கணினியைத் தரமுயர்த்த எண்ணுகிறவர்கள் நான் செய்யத் தவறியதைச் செய்யவேண்டும். முதலில் தாய்ப்பலகையின் மாதிரி எண்ணைக் கண்டறியுங்கள். பெட்டியின் மீதுள்ள பெயர் போதாது. பலகையின் மீதே அது அச்சிடப்பட்டிருக்கும். அதனருகே திருத்தப் பதிப்பு எண்ணும் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரியின் இரு பதிப்புகள் வெவ்வேறு புரொசஸர்களை ஏற்பதுண்டு. பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் பலகை, சிப்செட், பயோஸ் பதிப்பு ஆகிய மூன்றையும் காட்டிவிடும்.

அடுத்து, பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாதிரிக்குரிய புரொசஸர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு புரொசஸருக்கும் எதிரே, எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து அது இயங்கும் என்று எழுதியிருக்கும். பட்டியலில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் சரி.

இது 1151க்கு மட்டும் உரிய சங்கடமன்று. 2004இல் வந்த 775 சொக்கட்டில் பென்ரியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை அமர்ந்தன. ஆயினும் 915 சிப்செட் கொண்ட தொடக்ககாலப் பலகைகளில் கோர் 2 டுவோ இயங்காது. ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கட்டோ இதற்கு நேர்மாறு. 2017இல் வெளிவந்த முதல் ரைசன்களுக்கான பலகைகள் பலவற்றில் ரைசன் 5000 வரிசையையும் இயக்கலாம். ஆனால் பயோஸை முதலில் புதுப்பித்தாக வேண்டும்.

இங்கேதான் இன்னொரு கண்ணி இருக்கிறது. புதிய புரொசஸருக்காகப் பயோஸைப் புதுப்பிக்க வேண்டுமானால், பெரும்பாலான பழைய பலகைகளில் அந்த வேலையைச் செய்வதற்குப் பழைய புரொசஸர் கையில் இருக்க வேண்டும். கடைத் தம்பி என் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருவதாகச் சொன்னான். ஏதோ நல்ல காலம், மறுத்துவிட்டேன். கொடுத்திருந்தால் மறுநாள் கணினியே இருந்திராது. புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைக் கைவிடாதீர்கள்.

மருமகனோடு பட்டியலைப் பார்த்தேன். ஐ3-8100 அதில் இல்லை. ஐ5-7400 இருந்தது; ஆனால் பிந்திய பயோஸ் வேண்டும். ஐ5-6500க்கோ முதற்பதிப்புப் பயோஸே போதும். அப்போது ஏப்ரல் மாதம். கண்டியில் பிற்பகலானால் இடிமழை. இடிமழை வந்தால் மின்சாரத்தை நம்ப முடியாது. பயோஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் பலகையே பாழாகலாம். இரண்டுமே நான்கு கோர்கள், 65 வாட் கொண்டவை. அடிப்படை வேகமோ 7400க்கு 3.0 கிகாஹேர்ட்ஸ், 6500க்கு 3.2. தலைமுறை எண்ணைப் பார்த்து மயங்கும் புத்தி அன்றோடு ஒழிந்தது. கடையில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மாற்றித் தந்தார்கள். தம்பியை நான் குறை சொல்லவில்லை. சொக்கட் எண் சரி என்று அவன் சொன்னது உண்மைதான். அடுத்த கேள்வியைக் கேட்காதவன் நான்.

ஐ5-6500ஐப் பொருத்தி, புதிதாக டேர்மல் பேஸ்ட் தடவி, ஆளியை அழுத்தினேன். திரை வெளுத்தது. விண்டோஸ் 11 கனவு நிறைவேறவில்லை. ஆறாம் தலைமுறைக்கு அங்கே இடமில்லை. ஆகவே சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் லினக்ஸை நிறுவினேன். இணையமும் யுனிகோட் தமிழும் அதில் குறைவின்றி நடக்கின்றன. பழைய வன்தட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அதிலுள்ள விண்டோஸ் 10இல், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கரையும் பாமினியையும் திறந்துகொள்ளலாம். இன்னும் மாற்றப்படாத கட்டுரைகள் நூற்றுக்கு மேல் அங்கே காத்திருக்கின்றன.

நேற்று அவற்றில் ஒன்றைத் திறந்தேன். பேராதனையிலிருந்து ஒரு வெள்ளச் செய்தி. மகாவலியின் நீர்மட்டத்தை இரண்டு அதிகாரிகளிடம் கேட்டு உறுதிப்படுத்தியதாக அடியில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அந்த இளைஞன் 18,000 ரூபாவை எண்ணிக் கொடுக்கும் முன் கட்டாயம் இன்னொரு கேள்வி கேட்டிருப்பான்.