அக்கா கையில் இருந்த கேமரா

பி.காம். படிக்கிறவன் எக்ஸ்-ரே பற்றி எழுதுவதா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். போன மாதம் வரை எனக்கும் எக்ஸ்-ரேவுக்கும் இருந்த சம்பந்தம், ஏழாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது எடுத்த ஒரே ஒரு ஃபிலிம்தான். இப்போது எழுதக் காரணம் என் கடைவாய்ப் பல்லும், என் பெரியம்மா மகளும்.

அக்கா ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறாள். ஊர், பேர் வேண்டாம். மூன்று நாள் தூங்க விடாத வலியோடு அங்கே போய் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு படம் எடுத்துடும்மா" என்றார். அக்கா அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வந்தாள். பார்க்க அப்படியே கல்யாண வீட்டு கேமரா. முன்னால் லென்ஸுக்குப் பதில் ஒரு குழாய்.

"என்னக்கா, போட்டோ எடுக்கப் போறியா?"

"வாயை மூடு... இல்ல, தொற" என்றாள் :-)

என் கழுத்திலிருந்து இடுப்பு வரை கனமான ஈய ஏப்ரனைப் போட்டாள். வாய்க்குள் ஆர்.வி.ஜி. சென்சாரை வைத்தாள். கேமராவை இரண்டு கையாலும் தூக்கி என் கன்னத்தருகே வைத்து பட்டனை அழுத்தினாள். ஒரு சின்ன பீப். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திரையில் என் பல்லும் அதன் வேரும்.

வலி குறைந்து எழுந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஏப்ரன் எனக்கு இருந்தது. அக்காவுக்கு?

"ஒண்ணுதான்டா இருக்கு. அது பேஷண்டுக்கு."

திறந்திருந்த அலமாரியில் வட்டமாக ஒரு தட்டு கிடந்தது. நடுவில் ஓட்டை. இது என்ன என்றேன். "அந்தக் குழாயில மாட்டுற ஷீல்டு. அது இருந்தா பல்லு சரியாத் தெரிய மாட்டேங்குது. கழட்டி வச்சாச்சு."

அன்று ராத்திரி வலி மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நல்ல செய்தி. பல்லுக்கு எடுக்கும் ஒரு சின்ன எக்ஸ்-ரேயில் நோயாளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.005 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் இயற்கையாகவே நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. அதாவது, ஒரு பல் படம் என்பது ஒரு நாள் சும்மா இருப்பதைவிடக் குறைவு. அதனால் டாக்டர் படம் எடுக்கச் சொன்னால் பயந்து ஓட வேண்டாம்.

ஆனால் இது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கணக்கு. நான் வருடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வேன். அக்கா? வேர் சிகிச்சை என்றால் ஒரே பல்லுக்கு மூன்று நான்கு படம் எடுக்க வேண்டியிருக்கும். நாளைக்குப் பன்னிரண்டு என்று அவள் சொன்னாள். வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 3,600 படம். ஒவ்வொன்றுக்கும் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

எக்ஸ்-ரே முகத்தில் பட்டதும் எல்லாம் நேராக ஊடுருவிப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி பல்லிலும் எலும்பிலும் தசையிலும் மோதி நாலா பக்கமும் சிதறுகிறது. அதில் கொஞ்சம் வந்த வழியே திரும்பியும் வரும். நோயாளிக்குப் போவதில் இது சிறு பங்குதான். அதனால் 3,600-ஐ 0.005-ஆல் பெருக்கிப் பார்த்து யாரும் அலற வேண்டாம். (நான் அலறினேன். பிறகுதான் புரிந்தது.)

சுவரில் மாட்டிய பழைய வகை மெஷினில், படம் எடுப்பவர் 2 மீட்டர் தள்ளியோ தடுப்புக்குப் பின்னாலோ போய் நின்றுகொண்டு பட்டனை அழுத்துவார். தூரம் பாதியானால் கதிரின் அளவு நான்கு மடங்காகும் என்பது விதி. கையில் பிடிக்கும் கருவியில் நோயாளிக்கும் நமக்கும் அரை மீட்டர்தான் இடைவெளி. 2 மீட்டர் அரை மீட்டராகச் சுருங்கினால் 16 மடங்கு. அந்தத் தூரம் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் அலமாரியில் கிடந்த வட்டத் தட்டு செய்ய வேண்டும். ஈயம் கலந்த அந்த அக்ரிலிக் தட்டு குழாயின் நுனிப் பக்கம், நோயாளியின் முகத்துக்கு நெருக்கமாக இருந்தால், திரும்பி வரும் கதிரை மறித்து, பிடித்திருப்பவருக்கு ஒரு நிழல் கொடுக்கும். குடை மாதிரி. குடையை அலமாரியில் வைத்துவிட்டு மழையில் நின்றால்?

குடைக்கு அடியில் நிற்கவும் தெரிய வேண்டும். கருவியை நெஞ்சு உயரத்தில் பிடித்து, அதற்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் நிழலை விட்டு வெளியே வந்துவிடுவோம். மேல் பல், கீழ் பல் என்று கருவியைச் சாய்த்தால் நிழலும் சாய்ந்துவிடும். அதனால் முடிந்தவரை நோயாளியின் தலையைத்தான் சாய்க்க வேண்டும். சென்சாரை யாரும் விரலால் பிடிக்கக் கூடாது, அதற்கு ஹோல்டர் இருக்கிறது. கை நடுங்கினால் படம் கலங்கும். கலங்கினால் மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி கதிர். வேலை முடிந்ததும் கருவியைப் பூட்டி வைக்க வேண்டும். கேமரா மாதிரி இருப்பதாலேயே அது ஆபத்து. ஒரு குழந்தை எடுத்து பட்டனை அழுத்தினால் என்ன செய்வது?

இந்தக் கருவியைத் திட்டுவதற்காக எழுதவில்லை. சரியான கருவியைச் சரியாகப் பயன்படுத்தினால், பிடிப்பவருக்குக் கிடைக்கும் அளவு வரம்பைவிட மிகவும் குறைவு என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயலில் இறந்தவர்களைப் பல்லை வைத்து அடையாளம் காண இத்தகைய கருவிதான் உதவியது. படுக்கையை விட்டு எழ முடியாத பாட்டிக்கு வீட்டிலேயே படம் எடுக்கலாம். ஆனால் ஐரோப்பிய நாடுகளின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்த ஹெர்கா, 2014-ல் தெளிவாகச் சொன்னது: இது விதிவிலக்கான இடங்களுக்கு மட்டும். சுவரில் மாட்ட வசதி இருக்கும் கிளினிக்கில் தினசரி வேலைக்கு இது வேண்டாம்.

கருவியே மோசமாக இருந்தால் கதை வேறு. 2012-ல் இணையத்தில் விற்கப்பட்ட சில கைக்கருவிகள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதே வருடம் பிரிட்டனில் சுமார் 200 பவுண்டுக்கு விற்ற ஒரு கருவியைச் சோதித்தபோது, உள்ளே போதுமான ஈயக் கவசமே இல்லை என்று தெரிந்தது. ஈயம் கனம், ஈயம் செலவு. விலையைக் குறைக்க எதை எடுத்திருப்பார்கள் என்று புரிகிறதல்லவா?

நம் நாட்டில் இதையெல்லாம் கவனிப்பது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எக்ஸ்-ரே கருவி எந்த மாடலாக இருந்தாலும் அதன் அனுமதி பெற்றிருக்க வேண்டும், கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும். கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. வயிற்றில் பிள்ளை இருப்பதாகச் சொன்ன பிறகு, அந்தப் பிள்ளைக்கும் 1.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது மணி இரண்டு. அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

எங்கள் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருவது, கணக்கில் எழுதாத செலவும் செலவுதான். கிளினிக் நோட்டில் கருவியின் விலை இருக்கும், தேய்மானம் இருக்கும், அக்காவின் சம்பளம் இருக்கும். அவள் வாங்கிக்கொண்ட கதிர் எங்கே பதிவாகும்? சட்டையில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு முறை அதை அனுப்பினால் எவ்வளவு பட்டது என்று அளந்து சொல்வார்கள். அதுதான் அவளுடைய பேரேடு. அவளிடம் அது இல்லை. 20-க்குப் பக்கத்தில் போயிருக்கவே மாட்டாள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை கணக்கு ஆகாதே.

பல் எக்ஸ்-ரேயின் ஆரம்ப நாட்களில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1896-லேயே நோயாளிகளுக்குப் பல் படம் எடுத்தவர். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் தன் கையையே முன்னால் நீட்டி எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பாராம். விரல்களில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின, பிறகு கையும் போனது. 1928-ல் வலி தாங்காமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் ஆரம்பித்தபோது அதன் ஆபத்து பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தும் தட்டு அலமாரியில் இருக்கிறது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "நான் சொன்னா நல்லா இருக்காதுடா" என்றாள். அதுவும் சரிதான். சம்பளம் வாங்குகிறவள் கேட்பதும் பணம் கொடுக்கிறவன் கேட்பதும் ஒன்றில்லை. அடுத்த சிட்டிங்கில் நான் கேட்டேன். "சார், அந்த ஷீல்டை மாட்டிக்கிட்டு எடுக்கச் சொல்லுங்களேன். எனக்குப் பயமா இருக்கு." பயம் எனக்காக இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வித்தவன், வேணும்னா மாட்டிக்கலாம்னுதான் சொன்னான் தம்பி" என்றார். கெட்டவர் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நேற்று அக்கா போன் செய்தாள். தட்டு மாட்டியாகிவிட்டது. இரண்டாவது ஏப்ரன் வந்துவிட்டது. "முதல்ல மறைச்சுது. பேஷண்ட் தலையைச் சாய்ச்சுக்கிட்டா சரியா வருது" என்றாள். பேட்ஜ் இன்னும் வரவில்லை. வாரா வாரம் கேட்கப் போகிறேன்.

உங்களுக்கும் என்றாவது பல் வலிக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், உங்களுக்கு ஏப்ரன் போட்டுவிட்டவருக்கு ஏப்ரன் இருக்கிறதா, கேமராவில் வட்டத் தட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால், வாயில் சென்சார் வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அப்புறம் பேச முடியாது :-)