இலைக்கிளியும் துணிமுயலும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆடிப்பூரத் தேரோட்டம் காண, இராசபாளையத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூருக்கு அப்பாவுடன் சென்றிருந்தேன். தேர் நிலைக்கு வருவதற்குள் என் கண்கள் தெருவோரக் கடைகளுக்குத் தாவிவிட்டன. பால்கோவாவும் பலூனும் விற்ற வரிசையின் முடிவில் ஒருவர் மூங்கில் கூடையில் வெள்ளை முயல்குட்டிகளை வைத்திருந்தார். நான் அவ்விடத்தைவிட்டு நகரவில்லை.

"வேட்டை நாய்க்குப் பேர்போன ஊரிலே முயல் வளர்க்கப் போறியா?" என்று அப்பா சிரித்தார். நான் அழுதேன். முயல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நூற்பாலைகள் நிறைந்த ஊரில் அதற்கு வேறென்ன பெயர் வைப்பது? 'பஞ்சு' என்று அழைத்தேன்.

பஞ்சுவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றே நம்பினேன். நாள்தோறும் கேரட்டும் சோறும் கொடுத்தேன். மரப்பெட்டிக்குத் தகரக் கூரையிட்டு முற்றத்தில் வைத்தோம். பள்ளி விட்டு வந்ததும் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வேன். அது அசையாமல் இருக்கும். தோழியர் வந்தால் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவேன். அப்போதும் அது அசையாது. அந்த அசையாமையை அன்பென்று எண்ணினேன்.

அடுத்த ஆண்டு அக்னி நட்சத்திரத்தின்போது, ஒருநாள் மாலை பஞ்சு உணவைத் தொடவில்லை. விடிந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நண்பகலில் அது தகரக் கூரையின்கீழ் ஒருக்களித்துக் கிடந்தது. அப்பா வேப்பமரத்தடியில் குழி தோண்டினார். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

முயல்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான் என் பிழைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. அவை தேய்வதற்கும் குடல் சீராக இயங்குவதற்கும் உலர்புல்லே முதன்மை உணவு. இனிப்பு மிகுந்த கேரட் அன்று. அரைநாள் உண்ணாதிருந்தாலே குடலியக்கம் நின்று அதன் உயிருக்கு ஆபத்து நேரலாம். நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் இயலாது. காதுகளின் வழியேதான் பெரிதும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலே அதற்குக் கொடிது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் இனம் என்பதால், தரையிலிருந்து தூக்கும்போது அஞ்சி உறைந்துபோகிறது. நோயையும் வெளிக்காட்டாமல் மறைக்கிறது. நான் அன்பென்று எண்ணிய அசையாமை உண்மையில் அச்சம். நல்ல பராமரிப்பில் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர், என் வீட்டில் பத்து மாதங்கள்கூட நிறைவாக வாழவில்லை.

பஞ்சு இறந்த வாரத்தில், நூற்பாலையில் வேலை பார்த்த என் அத்தை எனக்கொரு முயல் தைத்துத் தந்தார். தாத்தாவின் பழைய வேட்டி அதன் தோல். உள்ளே அடைத்தது ஆலைப் பஞ்சு. கண்கள் இரண்டும் சட்டைப் பொத்தான்கள். ஒரு காது சற்று நீளம், மற்றது சற்றுக் குட்டை. நான் அதை வாங்க மறுத்தேன்.

"இதுக்கு உயிர் இல்லையே, அத்தை."

அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்னை ஆண்டாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். அது கூண்டிலிருந்து எடுத்த கிளியன்று. பொன்னால் வார்த்ததும் அன்று. மரவள்ளி இலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு, காக்காய்ப்பொன்னால் கண்கள் என அமைத்து, வாழைநாரால் கட்டி, பலமணி நேரம் உழைத்து நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள்.

"ஊரிலே கிளிக்கா பஞ்சம், தாயி? பிடிச்சு வைக்கிறது சுலபம். தினமும் உட்கார்ந்து செய்யறதுதான் பாடு" என்றார் அத்தை. கோயில் மரபுக்கு விளக்கமாக அவர் அதைச் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு ஆறுதலாகச் சொன்னார். அன்றிரவு துணிமுயலை அணைத்துக்கொண்டு உறங்கினேன்.

ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரும் தம் கையால் ஒரு முயல் பொம்மை செய்தவர். அவர் முயல்களை வளர்த்தவர். உற்றுநோக்கி ஓவியமாகத் தீட்டியவர். தம் கதையில் வரும் பீட்டர் என்னும் முயலுக்குப் பொம்மை வடிவம் தந்து, 1903ஆம் ஆண்டில் அதைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். உயிருள்ள முயலை நன்கறிந்தவரே குழந்தைகளின் கையில் துணிமுயலைக் கொடுத்தார்.

குழந்தை தேடுவது அணைத்துக்கொள்ள ஒரு மென்மை; நினைத்தபோது தூக்கிக்கொள்ள ஒரு துணை. துணிமுயல் இவற்றைத் தருகிறது. உயிருள்ள முயல் இவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. எனினும், இன்னோர் உயிரின் பசியை நம் பசிக்கு முன் நினைக்கும் பொறுப்பைப் பொம்மை கற்றுத்தராது என்பதும் உண்மையே. குளிர்ந்த இடம், உலர்புல், ஓடியாட வெளி, கூட்டுக்கு இன்னொரு முயல், பத்தாண்டுப் பொறுமை ஆகியவற்றைத் தரக்கூடிய வீட்டில் முயல் வளரட்டும். தர இயலாத வீட்டில், வேண்டாம் என்று சொல்வதும் அன்புதான்.

எங்கள் ஊர்களின் மேற்கே, மலையடிவாரப் புதர்களில் காட்டுமுயல்கள் வாழ்கின்றன. அவை வேறு இனம். வீட்டுமுயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும். காட்டுமுயலின் குட்டியோ மயிரோடு கண் திறந்தே பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பது குற்றம். அவை அங்கேயே ஓடட்டும்.

சென்ற ஆடியில், தேர் பார்க்க வந்த என் பேத்தி ஒரு முயல் கூடையின் முன் நின்றுவிட்டாள். "வாங்கித் தாங்க, பாட்டி" என்று அழுதாள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, அலமாரியிலிருந்த துணிமுயலை எடுத்துக் காட்டினேன். ஒரு கண் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

"இதுக்கு ஒரு கண்ணைக் காணோமே!" என்றாள்.

பொத்தான் டப்பாவை அவள்முன் கவிழ்த்தேன். நெடுநேரம் தேடி ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்தாள். ஊசியில் நூலைக் கோத்து அவளிடம் கொடுத்தேன்.