எங்கள் வீட்டு மூன்று படிகள்

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் என் நாத்தனாருக்கு நீர்க்கடுப்பு வந்தது. வெந்தயம், மோர், இளநீர் என்று கைவைத்தியம் பார்த்து இரண்டு நாள் கழித்தேன். மூன்றாம் நாள் குளிர் காய்ச்சலே வந்துவிட, ஆட்டோ வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். "சிறுநீர்த் தொற்று. இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நாத்தனார் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளிய போற அன்னைக்குக் காலையிலேர்ந்தே குடிக்க மாட்டேன் டாக்டர். வீட்டுல மதினி அடுப்படியில வேலையா இருந்தா, அன்னைக்கும் கொறச்சுக்கிருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் ஒரே பானைத் தண்ணீரைக் குடிக்கிறோம். அவளுக்கு எந்த நேரம் காபி, எந்த மீன் ஆகாது என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் எனக்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை.

இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் நான் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவருடைய ஒரே தங்கை இவள். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து, போலியோவில் இரண்டு கால்களும் போயின. இரும்புக் காலிப்பர் மாட்டி, கக்கத்தில் கட்டை ஊன்றி, எட்டாவது வரை படித்தாள். ஊன்றி ஊன்றித் தோள்பட்டை கெட்டுப்போய், பத்து வருஷமாகச் சக்கர நாற்காலிதான். மோட்டார் வைத்த தையல் மிஷினில் தெருவுக்கே ரவிக்கை தைக்கிறாள். என் மகள் பள்ளிச் செலவில் பாதி அவள் சம்பாத்தியம். "உதவி" என்று பார்த்தால், யார் யாருக்குச் செய்கிறோம் என்பதே சந்தேகம்தான்!

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. கடலோரம் என்பதால் மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க உயர்த்திக் கட்டியது. அவள் வெளியே போக வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரும் மகனும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மகன் காலேஜுக்கு வெளியூர் போன பிறகு அதுவும் குறைந்தது. ரேஷனா, தபால் ஆபீசா, வரி கட்டுவதா, எதுவானாலும் நான், "நீ எதுக்குத்தா இந்த வெயில்ல, நான் போயிட்டு வந்துர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தெருவில் எனக்கு நல்ல பெயர். நாத்தனாரைத் தாங்குகிறாள் என்பார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு அவளிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு என்னதான் செய்யணும், சொல்லு."

"என்னையக் கேட்டா, வீட்டு வரிய நானே போயிக் கட்டணும் மதினி" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் ஊராட்சி அலுவலகத்தில் புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் வேறு வரைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். ஆடி மாதம் ஒரு காலை, அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். சாய்தளத்தின் அடியில் இரண்டு மோட்டார் சைக்கிள் நின்றன. எடுக்கச் சொல்லி எடுத்தார்கள். தள்ள ஆரம்பித்தேன். பாதி தூரம் போவதற்குள் என் கை நடுங்குகிறது, நாற்காலி பின்னால் வருகிறது. அவள் "விட்ராதீங்க மதினி!" என்று கத்த, உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். கடைசியில் பழையபடி தூக்கித்தான் மேலே வைத்தார்கள்.

வரி கட்டி முடித்துக் கீழே வந்ததும், அவள் தன் பையிலிருந்து தையல் இஞ்சு டேப்பை எடுத்தாள். "அந்த மூலையில பிடிங்க" என்றாள். அளந்தோம். தரையிலிருந்து வராந்தா இரண்டடி உயரம். சாய்தளத்தின் நீளம் எட்டே அடி.

"ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும் மதினி. ரெண்டடிக்கு இருபத்து நாலு அடி. இது சறுக்கு மரம்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

ரவிக்கை அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மருத்துவ முகாமுக்கு வந்த உடற்பயிற்சி டாக்டர் சொல்ல, எப்போதோ எழுதி வைத்தது. அகலம் நாலடிக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். தரை வழுக்கக் கூடாது. கதவு மூன்றடி அகலம் இருக்க வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. அவளுக்குத் தெரியும். நாங்கள்தான் யாரும் கேட்கவில்லை.

சிமெண்டும் ஜல்லியும் செலவழித்துக் கட்டினவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனசு வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அப்படித்தானே!

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் ஐதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ நிலையத்து எலும்பு டாக்டர் ஒருவர், ஏவுகணைக்கான அந்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாராம். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்புக் காலிப்பரை இழுத்து இழுத்து நடந்ததைக் கலாம் நேரில் பார்த்தார். சில வாரங்களில் அதே பொருளில் 300 கிராம் எடையில் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். என் நாத்தனார் இதைச் சொல்லும்போதெல்லாம் தன் காலைத் தடவிக்கொள்வாள். "அவரு போயிப் பாத்தாரு மதினி. அதான் விஷயம்" என்பாள்.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது, இதில் 21 வகை. பொதுக் கட்டிடங்களுக்குள் எல்லாரும் தடையில்லாமல் போய்வர வசதி வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த வசதிகள் இஷ்டப்பட்டால் செய்கிற சிபாரிசாக இருக்கக் கூடாது, குறைந்தபட்சம் இன்னின்னது கட்டாயம் என்று விதி போட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 16-இல் தமிழகச் சட்டசபையில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க மசோதாக்கள் கொண்டுவந்து, பிறகு சட்டமாயிற்று. கட்டுவதற்கு முன்னால் கேட்கிற இடத்திலேயே அவர்களும் உட்கார வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவளே வருகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில், வேப்ப மரத்தடியில் கூட்டம். குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு கையைத் தூக்கினாள். எனக்குக் கைகால் உதறல். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

"எங்க ஆபீசுல சாய்தளம் கட்டினதுக்கு நன்றி. ஆனா அதுல என்னால ஏற முடியலை. தள்ளிவிட ஆளு இருந்தாலும் முடியலை. இருபத்து நாலு அடி வேணும். இடம் இல்லாட்டி நேரா கட்ட வேண்டாம், திருப்பிக் கட்டலாம். கைப்பிடிக்கு இரும்புக் குழாய் வேண்டாம். நம்ம உப்புக் காத்துக்கு ஒரு வருஷத்துல துருப்பிடிச்சுக் கையக் கிழிக்கும்."

யாரோ பின்னாலிருந்து, "ஒரு ஆளுக்காகவா?" என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்து, "ஏன்யா, எனக்கு முட்டி வலி இல்லையா? உம் பொஞ்சாதி மாசமா இருக்கையில அந்தப் படியில ஏறலையா? நாளைக்கு நீ ஏற மாட்டியா?" என்றாள். கூட்டம் சிரித்தது. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஓவர்சியர் ஒருவர் வந்து, அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து போனார். வேலை உடனே நடந்துவிடவில்லை. இரண்டு முறை மனு, மூன்று முறை நடை. தை மாதம் புதுச் சாய்தளம் வந்தது. நடுவில் இளைப்பாறச் சமதளம் வைத்து, ஒருமுறை திரும்பி ஏறுகிறது. கைப்பிடி ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். "அடுத்த கிராம சபை இருக்குல்ல" என்கிறாள் இவள்.

இவ்வளவும் ஊருக்கு. வீட்டுக்கு?

கிராம சபை முடிந்து அன்றைக்கு அவளை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, தூக்குவதற்கு ஆள் தேடியபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. என் மாமியார் இருந்த காலத்திலேயே வாசலில் சாய்வாகக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. "வாசல அடைச்சுக்கும், கோலம் போட இடமிருக்காதே" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். புதுப் பெண்ணாக வந்த ஜோரில் சொன்னது. அவள் அப்போது ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மகளுக்கு வளையல் வாங்கப் போட்டிருந்த சீட்டை எடுத்தேன். எங்கள் மூன்று படி ஒன்றரை அடி உயரம், அதற்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடமில்லை. திண்ணையை ஒட்டி ஒன்பது அடி, திருப்பத்தில் நாற்காலி சுற்றச் சமதளம், பிறகு ஒன்பது அடி என்று கட்டினோம். கழிப்பறைக் கதவை மூன்றடியாக அகலப்படுத்தி, உள்ளே பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு குழாய் பதித்து, மேற்கத்திய கோப்பை வைத்தோம். கோலத்துக்கு இடம் இருக்கிறது, சகோதரிகளே! சமதளத்திலும் ஒரு சின்னக் கோலம் போடுகிறேன்.

மாசி மாதம் ஒரு நாள். பகல் பதினொரு மணி இருக்கும், மீன் குழம்பு கொதிக்கிறது. "ஏத்தா, உப்பு பாத்துச் சொல்லு" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மிஷின் சத்தமும் இல்லை. முன்னறை காலி, திண்ணை காலி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லாத வீட்டை நான் பார்த்ததே கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவில் ஓடினேன். தெருமுனையில் வெயிலில் வேர்த்து வழிய, தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில், காலி.

"எங்கேத்தா போனே? சொல்லிட்டுப் போகக் கூடாது?" கோபமாகத்தான் கேட்டேன்.

வரி ரசீதை நீட்டினாள். "நீங்க ரேஷனுக்குப் போகையில எங்கிட்டச் சொல்லிட்டா போறீங்க?" என்றாள். ரெண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

ஒன்று மட்டும் பாக்கி. சென்னை மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாநகராட்சி 2022 நவம்பர் 27-இல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தது. சக்கர நாற்காலியில் கடலுக்கு அருகே போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். அந்தப் படத்தைப் போனில் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. ராத்திரி அலைச் சத்தம் கேட்கும். அவள் காலில் கடல் தண்ணீர் பட்டுப் பல வருஷம் ஆகிறது. மாமியார் திதிக்கு இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கு நாங்கள் எல்லாரும் போகும்போது, வீட்டுக் காவலுக்கு அவள்தான்.

உங்கள் வீட்டில் முட்டி வலி மாமியார் இருக்கலாம், மாசமான மகள் இருக்கலாம், நாற்காலியில் ஒரு நாத்தனார் இருக்கலாம். அவர்களுக்கு நல்லது செய்யக் கிளம்பும் முன், ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு இஞ்சு டேப்பை எடுத்து வாசலை அளந்து பாருங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ சாய்தளம் கட்டுகிறார்கள் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்பதற்குப் படிப்பு வேண்டாம்.

இந்த வருஷம் திதிக்கு அவளும் வருகிறாள். மணலில் எப்படிக் கூட்டிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும்.