பலகையா? பல கையா?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

நூல்களுக்குப் பகை எவை என்று கேட்டால் கரையான், ஈரம், இரவல் என்று நாம் அடுக்கிச் சொல்லிவிடுவோம். இன்று அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பின்பும் படிக்க முடியாமல் கிடப்பதே அது. பழைய நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால், அது பிழைத்துக்கொண்டது என்று மகிழ்கிறோம். ஆனால் படம் படம்தான், எழுத்து ஆகாது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு வரியை எடுத்துக் குறிப்பேட்டில் சேர்க்க முடியாது. கண்பார்வை இல்லாத ஒருவருக்கோ அது வெறுந்தாளே அன்றி வேறில்லை.

இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவர் நம் கல்லூரி வரலாற்றுத் துறையில் மூன்றாமாண்டு பயிலும் அண்ணன் ஒருவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் ‘என்விடிஏ’ என்னும் மென்பொருளே அவருக்குக் கண். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் அதனைத் தொடங்கினார். அவரும் பார்வை இல்லாதவர். விலை கொடுத்து வாங்க வேண்டாத மென்பொருள், தமிழையும் படிக்கும். ஆனால் எழுத்தைத்தான் நேரடியாகப் படிக்குமே தவிரப் படமாக உள்ள தமிழ்ப் பக்கத்தை அப்படிப் படித்துவிடாது.

அண்ணனுக்குத் தேவைப்பட்டது தென்னிந்திய வரலாறு பற்றிய நூல் ஒன்று. 1960-களில் அச்சானது, 212 பக்கம். நூலகத்தில் ஒரே ஒரு படி இருக்கிறது. நண்பர்கள் படித்துக் காட்டுவார்கள். ஆனால் அவர்களுக்கு நேரம் வாய்க்கும்போதுதான். “தம்பி, யாராவது வந்தால்தான் எனக்குப் புத்தகம் திறக்கும். நானே திறந்து, வேண்டிய இடத்துக்கு நானே போகணும். முடியுமா?” என்று அவர் கேட்டார். இரக்கத்தை வேண்டிய குரல் அன்று அது. உரிமையைக் கேட்ட குரல்.

உரிமை என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. ஊனமுற்றோர் தம் படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்தும் வகையில் ஒரு நூலை வேறு வடிவில் ஆக்கித்தர நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இடம் தந்துள்ளது. இதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டம் வழிவிட்டுவிட்டது. வேலையைச் செய்யத்தான் கை வேண்டும்.

நூலைக் கைப்பேசியால் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் கொடுத்தேன். சில நிமிடங்களில் 212 பக்கமும் எழுத்தாகி வந்தன. ஆகா, வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கோப்பை வேர்டில் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால், மறைந்திருக்கும் குறிகளெல்லாம் வெளிப்படும். திருப்பிப் போட்ட ‘பி’ எழுத்தைப் போன்ற பத்திக்குறி ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிற்கும். அதாவது, அச்சிலே வரி முடிந்த இடத்தையெல்லாம் பத்தி முடிந்த இடம் என்று இயந்திரம் எண்ணிக்கொண்டது. நூலின் பெயர், இயலின் பெயர், பக்க எண் மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியத்தின் நடுவே புகுந்து நிற்கும். அடிக்குறிப்புகள் மேலே உள்ள செய்தியோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுள்ளவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவர். காதால் படிப்பவர் எப்படித் தாண்டுவார்? சோழர் படையெடுப்பின் நடுவிலே குரல் திடீரென்று நூலின் பெயரையும் ‘நூற்று நான்கு’ என்பதையும் சொல்லிவிட்டு மீண்டும் படைக்குத் திரும்பினால் கேட்பவர் மனம் என்ன ஆகும்?

இதற்கு ஒழுங்கான வழி உண்டு. முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு பக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டே உண்மையான பத்தி முடிவுகளில் மட்டும், நூலில் எங்கும் வராத ஓர் அடையாளத்தை, எடுத்துக்காட்டாக இரண்டு நட்சத்திரங்களை, இட வேண்டும். அடுத்து ‘கண்டுபிடித்து மாற்று’ என்னும் வசதியால் பத்திக்குறிகள் அனைத்தையும் வெற்றிடமாக மாற்ற வேண்டும். கடைசியில் நட்சத்திரங்களைப் பத்திக்குறியாக மாற்றிவிட்டால் சிதறிய வரிகள் பத்திகளாகச் சேர்ந்துவிடும்.

சேர்ந்துவிடும், ஆனால் சொற்கள் உடைந்துவிடும்! ஏனெனில் தமிழ் நூல்களில் வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு இடுவதில்லை. ‘தமி’ என்பது ஒரு வரியிலும் ‘ழர்’ என்பது அடுத்த வரியிலும் இருக்கும். வெற்றிடம் இட்டால் ‘தமி ழர்’ ஆகும். இடாவிட்டாலோ தனித்தனிச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்வது?

இங்கே எனக்குக் கைகொடுத்தது கணிதம் அன்று. பகுதி ஒன்று தமிழ்ப்பாடம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு வரிசை எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வாரா என்று நன்னூல் சொல்வதை வகுப்பில் படித்தோம் அல்லவா? இவற்றுள் ட, ர, ல மூன்றும் டாக்டர், ரயில், லட்சம் போன்ற சொற்களில் வந்துவிடுகின்றன. எஞ்சிய ண, ழ, ள, ற, ன ஐந்தில் ஒன்று வெற்றிடத்துக்குப் பின் நின்றால் அது உடைந்த சொல்தான் என்று துணியலாம். அந்த ஐந்தையும் தேடி முன்னால் உள்ள வெற்றிடத்தை நீக்குமாறு கணினிக்கு ஒரே கட்டளை இட்டேன். நூற்றுக்கணக்கான சொற்கள் நொடியில் கூடின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதி வைத்த விதி, இருபத்தோராம் நூற்றாண்டுக் கணினிக்குக் கட்டளையாக அமைந்ததைக் கண்டு வியந்தேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி அன்றுதான் எனக்குச் சொந்தமாயிற்று.

ஆயினும் விதி ஓரளவுக்குத்தான் வரும். ‘பல’ என்று ஒரு வரி முடிந்து ‘கை’ என்று அடுத்த வரி தொடங்குகிறது. அது பலகையா, பல கையா? வேங்கை என்பதைப் போலத் தனித்தும் பிரிந்தும் பொருள் தரும் சொல் இது. இதை எந்தக் கட்டளையாலும் தீர்க்க இயலாது. முன்னும் பின்னும் படித்துப் பொருள் அறிந்தவர்தான் தீர்க்க வேண்டும்.

எழுத்துகளிலும் இத்தகைய இடர்கள் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். புதிய வடிவங்களில் பழகிய எழுத்துணரி அங்கே தடுமாறுகிறது. தேய்ந்த அச்சில் ‘ர’ எழுத்தும் காலும் இடம் மாறிப்போகின்றன. இது புதிய தொல்லை அன்று. ஏட்டுச் சுவடிகளிலும் ‘ர’வுக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை, புள்ளி இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. அத்தகைய சுவடிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மலையையும் மடுவையும் நான் ஒப்பிடவில்லை. வேலையின் இயல்பு ஒன்றே என்கிறேன்.

கண்ணுக்கே அகப்படாத பிழைகளும் சில உண்டு. தமிழ் எண்ணில் ஏழு என்பதற்கு உள்ள வடிவமும் ‘எ’ என்னும் எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு. ‘கௌரவம்’ என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் நின்றால் நான் நூறு முறை பார்த்தாலும் காணமாட்டேன். அண்ணன் ஒரே முறையில் கண்டுபிடித்துவிடுவார். “தம்பி, இங்கே குரல் கெளரவம்னு எழுத்துக்கூட்டுது பார்” என்பார். படத்தைப் பார்த்துத் திருத்துவது என் பங்கு; கேட்டுப் பிழை காண்பது அவர் பங்கு. இப்பணியில் யார் யாருக்கு உதவுகிறார் என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வேலையைத் தொடங்கும் முன்பே அவர் இட்ட நிபந்தனை ஒன்றைச் சொல்ல வேண்டும். “பக்க எண்ணை எறிஞ்சிடாதே. வகுப்பில் ஐயா நூற்று நாலாம் பக்கம் எடுங்கன்னு சொன்னா நானும் எடுக்கணும்” என்றார். ஆகவே இயல் தலைப்புகளுக்கு முதல்நிலைத் தலைப்பு என்றும், பக்க எண்களுக்கு ஆறாம்நிலைத் தலைப்பு என்றும் பாணி கொடுத்தேன். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் ஆக்கினால் அது கண்ணுக்கு அழகு, காதுக்குப் பயனில்லை. பாணி கொடுத்துவிட்டால் என்விடிஏயில் எண் 1 விசை ஒவ்வோர் இயலாகவும், எண் 6 விசை ஒவ்வொரு பக்கமாகவும் தாவும். அதுதான் அவர் கேட்ட ‘நானே திறப்பது’.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாடநூல் தவிர வேறு நூல் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஓர் இரவு, “இவ்வளவு நேரம் அதுல என்னடா பண்ற?” என்று அம்மா கேட்டார். “அரிசியில கல்லு பொறுக்குறேம்மா” என்றேன். அம்மா சிரித்துவிட்டு, “கல்லைப் பொறுக்குறேன்னு அரிசியைக் கொட்டிடாதே” என்றார். எழுத்தறியாத அந்தத் தாய் சொன்னதைவிடச் சிறந்த பதிப்பு நெறி எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி முறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவது போன்றது. அந்நூலில் ஜில்லா, மாகாணம், சர்க்கார் என்றெல்லாம் வருகின்றன. மாவட்டம் என்று திருத்தலாமே என்று கை துடிக்கும். கூடாது. பிழை வேறு, பழமை வேறு. இயந்திரம் செய்ததைத் திருத்தலாம். ஆசிரியர் எழுதியதைத் தொடக்கூடாது.

முதல் மூன்று இயல்கள், 71 பக்கங்கள், இப்போது முடிந்துள்ளன. அவற்றை அண்ணன் படித்து அகமதிப்பீட்டுத் தேர்வும் எழுதிவிட்டார். பருவத் தேர்வுக்கு முன் எஞ்சிய 141 பக்கங்களையும் முடித்தாக வேண்டும். ஒரு மாலையில் என் ஒருவனால் மூன்று பக்கத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை. பருவத் தேர்வோ இன்னும் நாலு வாரத்தில்.

மாணவத் தோழர்களே! கணக்கு எளியது. இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஏழெட்டுப் பக்கம். மூன்றே மாலைகளில் முடிந்துவிடும். கணினியில் பெரும்புலமை வேண்டாம். தமிழைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்தால் போதும். தமிழ்த் துறைத் தோழர்கள் வந்தால் எங்களுக்கு இரட்டை வலிமை. நூலின் முன்னுரையில் உடைந்து நின்ற அந்தச் சொல் பலகைதான் என்று படித்துத் தெளிந்துவிட்டேன். இனி வேண்டியது பல கை. நாள்தோறும் மாலை நாலரை மணிக்குக் கணினிக் கூடத்தின் கடைசி வரிசையில் நாங்கள் இருவரும் இருப்போம்.