கண்விழிக்காத காவல் பெட்டி



பிழைப்பின் நிமித்தம் பெங்களூரிலும் சென்னையிலும் குடியேறியிருக்கிற உங்களில் பலர் சாந்திபுரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பத்துக்கு அருகே, தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் பேசப்படுகிற மண்டலம் அது. அங்குள்ள எங்கள் சபைக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தகப்பனோ தாயோ, சிலவேளை இருவருமோ, வாரத்தில் ஆறு நாள் பெங்களூரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியின் பராமரிப்பில் வளருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காகவே சபைக் கட்டடத்தின் பின்னறையில் எட்டுப் பழைய கணினிகளை வைத்து மாலைநேரப் படிப்பறை ஒன்றை நடத்திவருகிறோம். கணினி எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2002ஆம் ஆண்டிலேயே ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களின் கையில் கேமராவையும் அச்சுப்பொறியையும் கொடுத்தது. ஆயினும் இணையத்தைப் பிள்ளைகள் முன்பாகத் திறந்துவைப்பது வேறு காரியம். பெங்களூரில் வேலைசெய்யும் ஒரு தாய் என்னிடத்தில், “ஐயா, நான் பக்கத்தில் இல்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்” என்று சொன்னபோது, அதன் பாரத்தை உணர்ந்தேன். அவ்விதமாகவே ஃபயர்வால் என்னும் காவல் பெட்டி எங்கள் அறைக்கு வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி இடையில் எழுப்பப்படும் சுவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அது. வெளியிலிருந்து வருவதையும் உள்ளிருந்து போவதையும் நிறுத்தி விசாரிக்கிற வாயிற்காவலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசுவாசி தமது அலுவலகம் கழித்துப்போட்டதை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து தந்தார்.

கோடைக்காலத்து ஒரு திங்கட்கிழமை மாலை, நான்குமுறை மின்சாரம் போய் வந்தபின், அந்தப் பெட்டி எழும்பவில்லை. முன்பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சற்றுச் சுழன்று நின்றது, மறுபடியும் சுழன்றது. இணையம் இல்லை. நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கவேண்டிய பதினொரு பிள்ளைகள் அறையில் இருந்தார்கள். கடைசி நாள் வியாழக்கிழமை.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அறையைப் பராமரிக்கிற வாலிபத் தம்பியைப் பிள்ளைகள் முன்பாகவே கடிந்துகொண்டேன். சனிக்கிழமை அவன் அறையைப் பெருக்கியபோது பிளக்கைப் பிடுங்கியதை நான் கண்டிருந்தேன். “எத்தனைமுறை சொல்லியிருக்கிறேன்! உன் அஜாக்கிரதையால்தான் இது கெட்டது” என்றேன். “முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் ஐயா பிடுங்கினேன்” என்றான். நான் கேட்கவில்லை. அவன் அதற்குமேல் பேசாமல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

பெட்டியை ஒதுக்கிவிட்டு மோடத்தை நேரடியாகக் கணினிகளோடு இணைத்துவிடலாம் என்று மூப்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். எட்டுக் கணினிகளையும் அப்படித் திறந்துவிட என் மனம் ஒப்பவில்லை. ஒன்றைமட்டும் என் மேசைக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, அருகில் அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பவைத்தேன். இரவு பத்தரை மணிமட்டும் நான்கு பேரைத்தான் முடிக்கமுடிந்தது.

செவ்வாய்க்கிழமை, பழைய ரூட்டர் ஒன்றின் அடாப்டரை எடுத்துப் பெட்டியில் சொருகிப்பார்த்தோம். அதுவும் 12 வோல்ட், முனையும் பொருந்தியது. விளக்கு எரிந்தது, பெட்டி எழும்பவில்லை. ஆகவே பெட்டிதான் செத்துப்போயிற்று என்று தீர்ப்பெழுதிவிட்டோம். பெங்களூரில் கணினித் துறையில் பணிசெய்யும் சகோதரர் ஒருவரும் தொலைபேசியில் அந்தப் பயத்தைப் பலப்படுத்தினார். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகமெங்கும் பேசப்பட்ட செய்தி அது. இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் சி2000 வகைச் சில்லுகளில் கடிகாரத் துடிப்பை அனுப்பும் பகுதி நாளடைவில் நின்றுபோகக்கூடும் என்று கண்டறியப்பட்டது. சிஸ்கோ நிறுவனம் அந்தப் பிப்ரவரியில், தன் சாதனங்கள் சிலவற்றில் இத்தகைய கடிகாரக் குறை இருக்கிறதென்றும், ஏறக்குறைய 18 மாதம் ஓடியபின் அவை செயலிழக்கக்கூடுமென்றும், அப்படி நின்றது மீண்டும் எழும்பாதென்றும் அறிவித்தது. அந்தத் துடிப்பு நின்றால் முழு உடலும் இருந்தும் ஒரு கட்டளையும் ஓடாது. எங்கள் பெட்டி அந்த வகையா என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது.

“கன்சோல் துவாரத்தில் கணினியை இணைத்துப் பாருங்கள் ஐயா. ஓர் எழுத்தும் வராவிட்டால் நம்பிக்கை இல்லை” என்றார் அவர். தட்டையான நீலநிறக் கம்பியைத் தேடியெடுத்துப் பொருத்தினோம். முதலில் திரையெங்கும் புரியாத குறிகள் வந்தன. சில்லு பைத்தியம் பிடித்து உளறுகிறது என்றே நினைத்தேன். வேகத்தை 9600 என்று வைத்திருந்ததுதான் தவறு. 115200 என்று மாற்றியவுடன் சுத்தமான ஆங்கில எழுத்துக்கள்! ஆறு, ஏழு வரிகள் வந்தன, அறுந்தன, முதலிலிருந்து மறுபடியும் வந்தன. கடிகாரம் நின்ற பெட்டி இப்படிப் பேசத் தொடங்காதே! பெட்டி எழும்ப முயலுகிறது, பாதியில் பெலன் அற்றுப்போகிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கிரேக்க இலக்கணம் கற்பித்தார்கள். மல்டிமீட்டரைப் பிடிக்க ஒருவரும் கற்பிக்கவில்லை. பேருந்து நிலையத்தருகே இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் பெரியவரிடம் புதன்கிழமை பெட்டியையும் அடாப்டர்களையும் கொண்டுபோனேன். அசல் அடாப்டரைத் தனியே அளந்தார். 12 வோல்ட் சரியாகக் காட்டியது. பின்பு அதைப் பெட்டியோடு இணைத்து, பெட்டி ஓட முயலுகிற வேளையில் அளந்தார். முள் 8-க்கும் கீழே விழுந்தது. “சும்மா நிற்கும்போது எல்லாரும் பலசாலிதான் சாமி, மூட்டையைத் தூக்கவைத்துப் பார்க்கவேண்டும்” என்று சிரித்தார். மூடியைத் திறந்தபோது உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. வெப்பத்திலும் ஏறியிறங்கும் மின்சாரத்திலும் நாளடைவில் வருகிற தேய்மானமாம் அது, ஒருநாளில் வருவதல்ல. ரூட்டரின் அடாப்டரோ 1 ஆம்பியர்தான் கொடுக்கும். பெட்டிக்கு 3 வேண்டும். வோல்ட் ஒத்திருந்தால் போதும் என்று நம்பி ஒரு முழு நாளை இழந்திருந்தோம்.

அவரிடமே 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று இருந்தது. முனையின் நடுப்பகுதி நேர்மின்னா என்பதையும் சரிபார்த்துக் கொடுத்தார். மாலையில் இணைத்தோம். வரிகள் அறாமல் ஓடின; ஆனால் கோப்பு அமைப்பு பழுதுபட்டிருக்கிறது என்று சொல்லி நின்றது. பலமுறை பாதியில் அறுந்ததின் விளைவு. பெங்களூர்ச் சகோதரர் சொல்லச்சொல்ல எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். பெட்டி எழும்பிற்று. எந்தத் தளத்தைத் தடுப்பது, யாருக்கு எத்தனை மணி என்ற விதிகள் யாவும் அழிந்துபோயிருந்தன.

அவற்றை எங்கே தேடுவது? தம்பியை அழைக்கச் சொன்னேன். வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான். “மாதம் ஒன்றாம் தேதி ஒரு நகல் எடுத்துவைப்பேன் ஐயா” என்றான். அதை ஏற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிரவே மீதி ஏழு பிள்ளைகளும் விண்ணப்பித்துவிட்டார்கள்.

தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டால் போதும் என்று என் மனம் என்னோடு வாதாடியது. கடிந்துகொண்டதோ பதினொருபேர் முன்பாக. எனவே அவர்கள் எல்லாரும் போகுமுன்னே எழுந்து நின்று, “திங்கட்கிழமை நான் இந்தத் தம்பியைக் குறித்துச் சொன்னது பொய். விசாரியாமல் சொன்னேன்” என்றேன். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். அவன் தலைகுனிந்து, “பரவாயில்லை ஐயா, விடுங்கள்” என்றான். அவன் குரல் இன்னும் முழுமையாக ஆறவில்லை என்பதை நான் கண்டேன். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

மறுநாள் நான் போனபோது, பழைய ரூட்டர் அடாப்டர் தனிப் பெட்டிக்குள் போயிருந்தது. புதிய அடாப்டரின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, சிவப்பு மையினால், ‘12 வோல்ட், 3 ஆம்பியர். வேறெதையும் சொருகவேண்டாம், ஐயாவும் கூட’ என்று எழுதிவைத்திருந்தான்.